அரசு ஊழியரின் வீட்டு முகவரி ஆர்டிஐ பதிலோடு வெளியே போகாமல் தடுப்பது எப்படி?

போன வருடம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நான் இன்னும் அலுவலகத்திலிருந்து கிளம்பவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் சந்துக்குள் ஒருவர் வந்து, நேராக எங்கள் கதவைத் தட்டி, அம்மாவிடம் என் பெயரையும் பதவியையும் சொல்லி, "மேடம் எத்தனை மணிக்கு வருவாங்க?" என்று கேட்டிருக்கிறார். கையில் நான்காக மடித்த ஒரு ஜெராக்ஸ். அவருடைய மனு எங்கள் பிரிவில் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் வயதான அம்மா தனியாக இருக்கும் வீட்டு வாசலில் வைத்து அதைத் தீர்க்க முடியாது. நான் வரும்வரை எதிர்வீட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா கதவைச் சாத்தவும் பயந்து, திறந்து வைக்கவும் பயந்து, வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்திருக்கிறார்.

அந்த ஜெராக்ஸை நானும் வாங்கிப் பார்த்தேன். எங்கள் அலுவலகப் பணியாளர் பதிவேட்டின் ஒரு பக்கம். ஆறாவது கட்டத்தில் என் கையெழுத்திலேயே கதவு எண், தெரு, பின்கோடு, அவசரத் தொடர்புக்கு என்று அம்மாவின் செல் எண். வேலையில் சேர்ந்த அன்று நான் நிரப்பியது. 'பணியாளர் விவரம் தருக' என்று வந்த ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவுக்குப் பதிவேட்டை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. முகவரிக் கட்டத்தை மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஆசிரியர், செவிலியர், மாநகராட்சி ஊழியர், துறைமுக ஊழியர் என்று யாராக இருந்தாலும் இது பயன்படும். நேரமில்லாதவர்கள் 3-ஆம் படியை மட்டுமாவது செய்துவிடுங்கள். முன்கூட்டியே எழுதிக் கொடுத்த ஒரு கடிதம் கோப்பில் இருந்தால், பின்னால் வரும் எல்லாமே சுலபம்.

தொடங்குமுன் ஒன்று. ஆர்டிஐ மக்களின் உரிமை. நம் பெயர், பதவி, சம்பளம், அலுவலக எண் எல்லாம் மக்களுக்குத் தெரிய வேண்டியவை. சட்டத்தின் பிரிவு 4(1)(b) இவற்றை யாரும் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது. நான் காக்கச் சொல்வது வீட்டுக் கதவு எண்ணையும் குடும்பத்தையும்தான். வேலையில் நடந்த தவறை மறைக்க இந்த வழிகளைப் பயன்படுத்த நினைப்பவருக்கு என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

1. உங்கள் அலுவலகம் மாநிலப் பக்கமா, மத்தியப் பக்கமா என்று பாருங்கள்

வடசென்னையில் இந்தக் குழப்பம் அதிகம். ஒரே தெருவில் ஒரு வீட்டில் ஸ்டான்லி மருத்துவமனை செவிலியர் இருப்பார், பக்கத்து வீட்டில் ரயில்வேயின் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் ஊழியர் இருப்பார். சட்டம் இருவருக்கும் ஒன்றே: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் செலுத்தும் முறையும் கடைசி மேல்முறையீடு போகும் இடமும்தான் வேறு.

மாநில அரசு, மாநகராட்சி (திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டல அலுவலகங்கள்), ஸ்டான்லி, ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை, அரசுப் பள்ளிகள், மின்வாரியம் எல்லாம் ஒரு பக்கம். இவற்றுக்கு இரண்டாம் மேல்முறையீடு தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு.

ரயில்வே, சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், சுங்கத்துறை, தபால் துறை, மணலி சிபிசிஎல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எல்லாம் மறுபக்கம். இவற்றுக்கு டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம்.

மனுக் கட்டணம் இரண்டு பக்கமும் 10 ரூபாய்தான். மாநில அலுவலகத்துக்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருக்கும் விற்பனையாளர்களிடம் கிடைக்கும். மத்திய அலுவலகத்துக்கு அந்த ஸ்டாம்ப் செல்லாது. போஸ்டல் ஆர்டர் எடுங்கள், அல்லது இணையத்தில் கட்டுங்கள். இதை மாற்றிச் செய்தால் மனு திரும்பி வந்துவிடும், நாள் போய்விடும்.

2. முகவரி எங்கெல்லாம் கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்

பணிப்பதிவேடு மட்டும்தான் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தபோது அதைத் தவிர இன்னும் ஒன்பது இடங்கள் வந்தன. பணியாளர் பதிவேடு, களஞ்சியம் கணக்கு (சம்பளம், விடுப்புக்கான மாநில அரசின் இணையத் தளம்), விடுப்பு விண்ணப்பங்கள் (விடுப்புக் கால முகவரி என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது), சொத்து விவர அறிக்கை, வீட்டுக் கடன் கோப்பு, மருத்துவக் காப்பீட்டுப் படிவம், தேர்தல் பணிக்கு அனுப்பிய பட்டியல், மழைக்கால இரவுப் பணிப் பட்டியல், சங்க டைரி.

இதில் நான் அதிகம் பயப்படுவது மழைக்காலப் பட்டியலுக்குத்தான். ஐப்பசி பிறந்தால் எந்த வார்டில் யார் இரவுப் பணி என்று பட்டியல் போடுவார்கள். கொருக்குப்பேட்டையில் தண்ணீர் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும், அது சரி. ஆனால் 'இருப்பிடம்' என்று ஒரு கட்டத்தையும் சேர்த்து, அதையே பிடிஎஃப் ஆக்கி, எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுகிறார்கள். ஆர்டிஐ மனுவே தேவையில்லை. பட்டியல் தயாரிப்பவரிடம் நேராகப் போய், 'வார்டு, பெயர், பணிக்கான செல் எண் மட்டும் போடலாம் சார், இருப்பிடக் கட்டம் அலுவலகப் பிரதியில் இருக்கட்டும்' என்று சொல்லுங்கள். நான் சொன்னதும் அடுத்த பட்டியலிலேயே எடுத்துவிட்டார்கள். கேட்க வேண்டிய நேரம் புரட்டாசி மாதம், பட்டியல் தட்டச்சாகும் முன்பு.

சங்க டைரி அரசு ஆவணம் இல்லை. சங்கச் செயலாளரிடம் சொன்னால் அடுத்த பதிப்பில் அலுவலக முகவரியைப் போட்டுவிடுவார்.

3. யாரும் கேட்கும் முன்பே கடிதம் கொடுத்து வையுங்கள்

இதுதான் முக்கியமான படி.

சட்டத்தின் பிரிவு 11 என்ன சொல்கிறது என்றால்: ஒருவர் கேட்கும் தகவல் வேறொருவரைப் பற்றியதாக இருந்து, அந்த வேறொருவர் அதை இரகசியமாகக் கருதி வந்தால், கொடுக்க உத்தேசிக்கும் பொதுத் தகவல் அலுவலர் (அலுவலகத்தில் ஆர்டிஐ மனுக்களுக்குப் பதில் தருபவர்) முதலில் அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்த வேறொருவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் மூன்றாம் தரப்பினர். நம் வீட்டு முகவரி விஷயத்தில் அது நாம்தான்.

'இரகசியமாகக் கருதி வந்தால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் அப்படிக் கருதுகிறீர்கள் என்று அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? எங்கேயும் எழுதிக் கொடுத்திருக்காவிட்டால், 'அவர் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று சொல்லிவிடலாம். என் விஷயத்தில் அதுதான் நடந்தது. நான் கேட்டபோது எங்கள் பிரிவில் ஒருவர் பதிவேட்டை என் முன்னால் திருப்பிக் காட்டி, "இதுல எங்கேம்மா கான்ஃபிடென்ஷியல்னு போட்டிருக்கு?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

கடிதம் பெரிதாக இருக்க வேண்டாம். நான் கொடுத்தது இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"என் பணிப்பதிவேடு, பணியாளர் பதிவேடு, களஞ்சியம் கணக்கு மற்றும் அலுவலகக் கோப்புகளில் நான் அளித்துள்ள வீட்டு முகவரி, சொந்த செல் எண், குடும்பத்தினர் விவரம் ஆகியவற்றை நிர்வாகத் தேவைக்காக மட்டும், இரகசியமாகக் கருதி அளித்துள்ளேன். இவற்றைக் கோரி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனு வந்தால், பிரிவு 11(1)-இன்படி முடிவெடுக்கும் முன் எனக்கு எழுத்துமூலம் அறிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். என் பெயர், பதவி, ஊதிய விவரம், அலுவலக முகவரி, அலுவலகத் தொலைபேசி எண் ஆகியவற்றை வெளியிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இக்கடிதத்தை என் பணிப்பதிவேட்டுடன் இணைத்து வைக்க வேண்டுகிறேன்."

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். 'எதையும் கொடுக்காதே' என்று எழுதினால், எதையோ மறைக்கிறார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். எதைக் கொடுக்கலாம் என்று நீங்களே சொல்லிவிட்டால், மீதியை மறைக்கச் சொல்வதில் உள்ள நியாயம் தெரியும்.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று அலுவலகத் தலைவருக்கு, ஒன்று பொதுத் தகவல் அலுவலருக்கு, மூன்றாவதில் தபால் பிரிவின் முத்திரையும் வரிசை எண்ணும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள். முத்திரை இல்லாத பிரதி வெறும் தாள். 'உள்ளுக்குள்ள இருக்கிற ஆள்தானே, எதுக்கு இன்வர்டு நம்பர்' என்று சிரித்து அனுப்பப் பார்ப்பார்கள். சண்டை வேண்டாம். வெளியே வந்து, அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு வசதி சேர்த்து அலுவலக முகவரிக்கே அனுப்புங்கள். பழைய ரிஜிஸ்டர் போஸ்ட் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, எனவே கவுன்டரில் 'பதிவோடு' என்று சொல்லிக் கேட்க வேண்டும். சென்னைக்குள் நாற்பது ரூபாய்க்கு மேல் போகாது. ரசீதையும், சேர்ந்துவிட்டது என்று இணையத்தில் வரும் பக்கத்தின் அச்சையும் கடிதத்தோடு பின் செய்து வையுங்கள்.

மொத்தச் செலவு: ஜெராக்ஸ், தபால் சேர்த்து ஐம்பது ரூபாய்க்குள். நேரம்: ஒரு மதிய இடைவேளை.

4. நோட்டீஸ் வந்தால்: முதல் வேலை தேதி போடுவது

மனு வந்த 5 நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து உங்களுக்கு 10 நாள். 4-ஆம் தேதி வாங்கினால் 14-ஆம் தேதிக்குள் பதில் போக வேண்டும். ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் அந்தப் பத்துக்குள்தான்.

நோட்டீஸ் வேறு எங்கிருந்தும் வராது, நீங்கள் உட்காரும் அதே கட்டடத்துக்குத்தான் வரும். அங்கேதான் சிக்கல். எனக்கு இரண்டாவது முறை, அதாவது கடிதம் கொடுத்த பிறகு வேறொருவர் கேட்டபோது, முறையாக நோட்டீஸ் போட்டார்கள். நான் ஒரு வார விடுப்பில் இருந்தேன். அது தபால் தட்டில், யாருடைய பயணப்படி பட்டியலுக்கோ அடியில் ஆறு நாள் கிடந்தது. திரும்பி வந்து அதை எடுத்ததும், நோட்டீஸின் மேல் மூலையில் 'இன்று பெற்றேன்' என்று எழுதி, தேதி, நேரம், கையெழுத்து போட்டு, தபால் பிரிவுப் பதிவேட்டிலும் அதே தேதியில் கையெழுத்திட்டேன். விடுப்பு உத்தரவின் நகலையும் பதிலோடு வைத்தேன். இல்லாவிட்டால் நோட்டீஸில் அச்சிட்ட தேதியிலிருந்துதான் எண்ணியிருப்பார்கள்.

'ஆட்சேபணை இல்லை' என்று அச்சிட்ட படிவத்தோடு யாராவது வருவார்கள். மாலை அவசரத்தில் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். முழுவதும் படிக்காமல் போடாதீர்கள். பதிலை வாய்மொழியாகவும் சொல்லலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சொன்னதற்குச் சாட்சி? எழுதியே கொடுங்கள்.

எந்த மனுவுக்கான நோட்டீஸ், என்னென்ன கேட்டிருக்கிறார் என்று தெளிவாக இல்லாவிட்டால், மனுவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மனுதாரரின் பெயர் மறைக்கப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவர் யார் என்று துருவ வேண்டாம். அவருக்கும் வீடு இருக்கிறது.

5. பதிலில் என்ன எழுத வேண்டும்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இந்த வரிசையில் எழுதுங்கள்.

முதலில் 3-ஆம் படிக் கடிதத்தின் தேதி, தபால் எண், இணைப்பாக அதன் நகல்.

அடுத்து, தனிப்பட்ட தகவலைக் கொடுப்பதிலிருந்து விலக்கு தரும் பிரிவு 8(1)(j). இங்கே கவனம் தேவை, ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பதில்கள் பெரும்பாலும் பழையவை. முன்பு, 'பொதுப் பணிக்குத் தொடர்பில்லாத' அல்லது 'தனிமையில் தேவையற்றுத் தலையிடும்' தனிப்பட்ட தகவலுக்குத்தான் விலக்கு என்று நீளமாக இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றியது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது. இப்போது அந்தப் பிரிவில் இருப்பது 'தனிப்பட்ட தகவல் தொடர்பான தகவல்' என்ற சுருக்கமான வரி மட்டும். நமக்குச் சாதகம்தான். ஆனால் இந்த மாற்றத்தால் ஊழல் விவரங்களும் வெளிவராமல் போகும் என்று ஆர்டிஐ ஆர்வலர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். எனவே கதவு எண்ணுக்கு மட்டும் இதைக் கேளுங்கள். பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்: வெளியிடுவதில் உள்ள பொதுநலன் உங்களுக்கு வரும் பாதிப்பைவிடப் பெரிது என்றால் கொடுக்கலாம்.

அப்புறம் தீர்ப்பு. ஒன்று போதும். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2019 நவம்பர் 13 அன்று சுபாஷ் சந்திர அகர்வால் வழக்கில் (சிவில் மேல்முறையீடு 10044/2010) தந்த தீர்ப்பு, தனிப்பட்ட தகவல் எவை என்று சொல்லும் இடத்தில் முகவரியையும் சேர்த்தே சொல்கிறது. வேண்டுமானால் 2017-இன் கனரா வங்கி – சி.எஸ். ஷியாம் தீர்ப்பையும் சேர்க்கலாம். வங்கி ஊழியர்களின் தனிப்பட்ட விவரங்களை மொத்தமாகக் கேட்டதை அங்கே நீதிமன்றம் ஏற்கவில்லை. பத்துத் தீர்ப்பு அடுக்கினால் யாரும் படிப்பதில்லை.

உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து உண்மையிலேயே இருந்தால் மட்டும் பிரிவு 8(1)(g) எழுதுங்கள். அதற்குச் சான்று வேண்டும்: காவல் நிலைய சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றுக்கொண்டதற்கான ரசீது), மிரட்டல் குறுஞ்செய்தியின் அச்சு, தேதி போட்ட புகைப்படம். சான்றில்லாமல் எழுதினால் மற்ற வாதமும் சேர்ந்து பலவீனமாகும்.

கடைசியாக பிரிவு 10. கொடுக்கக்கூடியதைக் கொடுத்து, கூடாததைப் பிரித்து மறைக்க அது வழி செய்கிறது. எனக்கு மிகவும் உதவியது இந்த வரிதான். பொதுத் தகவல் அலுவலருக்கும் ஒரு வழி வேண்டும் அல்லவா? மனுவையே நிராகரித்தால் அவர் ஆணையத்தில் போய் நிற்க வேண்டும். 'ஆறாவது கட்டத்தை மட்டும் மறைத்து மற்றதைக் கொடுங்கள்' என்று நீங்களே சொன்னால் அவருக்கும் நிம்மதி.

ஓர் உதாரணம். அரசுக் குடியிருப்பில் இருந்துகொண்டே ஓர் ஊழியர் வீட்டு வாடகைப்படியும் வாங்குகிறாரா என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. 'வாங்குகிறார்', 'வாங்கவில்லை' என்று பதில் சொல்லலாம். அதற்குக் கதவு எண் தேவையில்லை.

மறைக்கும் விதத்தையும் எழுதிக் கேளுங்கள். ஒரு முறை கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடித்து, அடித்த தாளையே கொடுத்துவிட்டார்கள். டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன், கதவு எண் பளிச்சென்று தெரிந்தது. அடித்த தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து அந்த நகலைத்தான் கொடுக்க வேண்டும். மின்னஞ்சலில் போகும் பிடிஎஃப் என்றால், மேலே கறுப்புக் கட்டம் மட்டும் வைத்தால் அடியில் உள்ள எழுத்தை நகலெடுத்துவிடலாம். அச்செடுத்து மறுபடி ஸ்கேன் செய்வதே நல்லது.

6. முடிவு எதிராக வந்தால்

நோட்டீஸ் போட்ட மனுவில் பொதுத் தகவல் அலுவலர் முடிவெடுக்க, மனு வந்த நாளிலிருந்து 40 நாள். உங்கள் ஆட்சேபணை வந்தால் கொடுக்கவே கூடாது என்று சட்டத்தில் இல்லை. பார்த்து, எடைபோட்டு, அவர்தான் முடிவெடுப்பார். எடுத்த முடிவை உங்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மேல்முறையீட்டு உரிமை உண்டு என்பதையும் அதில் சொல்ல வேண்டும்.

கொடுப்பது என்று முடிவானால், உத்தரவு தேதியிலிருந்து 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை. ஆனால் 30 நாள் இருக்கிறதே என்று உட்காராதீர்கள். உத்தரவு கைக்கு வந்த அன்றோ மறுநாளோ, 'மேல்முறையீடு செய்கிறேன், அது முடியும்வரை முகவரிப் பகுதியைக் கொடுக்க வேண்டாம்' என்று பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வரிக் கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். தாள் வெளியே போய்விட்டால் மேல்முறையீட்டில் ஜெயித்தும் பயனில்லை.

மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாள், காரணம் எழுதினால் 45 நாள் வரை. அங்கும் சரியாகவில்லை என்றால் 90 நாளுக்குள் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. மனுதாரர் ஆணையத்துக்குப் போனாலும், உங்கள் தகவல் சம்பந்தப்பட்டது என்றால் உங்கள் பக்கத்தையும் ஆணையம் கேட்க வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை.

7. ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் என்றால்

நான் தொடங்கியதே இங்கிருந்துதான். போன தாளைத் திரும்ப வாங்க முடியாது என்பதை முதலில் மனதுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். அதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது.

முதலில், என்ன போயிற்று என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் நீங்களே ஓர் ஆர்டிஐ மனு போடலாம்: என்னைப் பற்றிய எந்தெந்தப் பக்கங்கள், எந்தத் தேதியில், எந்த மனு எண்ணுக்குக் கொடுக்கப்பட்டன, அவற்றின் நகல் தருக. 10 ரூபாய், அப்புறம் நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், 30 நாள். வாய்மொழியாகக் கேட்டபோது ஒரு பக்கம்தான் என்றார்கள். மனு போட்டபோது மூன்று பக்கம் வந்தது.

இரண்டாவது, அந்த நகல்களை இணைத்து மேல்முறையீட்டு அலுவலருக்கு ஒரு புகார்: பிரிவு 11 நோட்டீஸ் தரப்படவில்லை, இனி வரும் மனுக்களில் முகவரிக் கட்டத்தை மறைக்க எல்லாப் பிரிவுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். சுற்றறிக்கை வந்தால் உங்களோடு வேலை பார்க்கும் எல்லோருக்கும் நல்லது. பொதுத் தகவல் அலுவலருக்கு 25,000 ரூபாய் அபராதம் என்று பலர் ஏற்றிவிடுவார்கள். பிரிவு 20-இன் அபராதம் தகவலைத் தராததற்கும் தாமதத்துக்கும் பொய்த் தகவலுக்கும்தான். கூடுதலாகக் கொடுத்ததற்கு அது வராது. நல்லெண்ணத்தில் செய்ததற்குப் பிரிவு 21 பாதுகாப்பும் இருக்கிறது. அதன் பின்னால் ஓடி நாளை வீணாக்காதீர்கள்.

மூன்றாவது, யாராவது வீட்டுக்கு வந்தாலோ பின்தொடர்ந்தாலோ அன்றே காவல் நிலையம். அவசரம் என்றால் 112, பெண்களுக்கு 181. மிரட்டலுக்குப் பாரதிய நியாய சம்ஹிதையின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 351, பெண்ணைப் பின்தொடர்வதற்குப் பிரிவு 78. சி.எஸ்.ஆர். ரசீது இலவசம், வாங்காமல் வராதீர்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புகார் எஃப்.ஐ.ஆர். ஆனால் அது இணையத்தில் ஏறும். 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் புகார்தாரரின் முகவரி இருக்கும். வீட்டு முகவரியைக் காக்கப் போய் அதையே ஊருக்குக் காட்டினதாகிவிடும். விவகாரம் உங்கள் பணி சம்பந்தப்பட்டது என்றால் புகாரில் அலுவலக முகவரியைப் போடுங்கள். வீட்டு முகவரியைத் தனித் தாளில் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளை ஏற்றுவதில்லை. உங்கள் வழக்கும் அப்படிப்பட்டது என்றால் எழுதியே கேளுங்கள்.

8. அலுவலகத்துக்கு வெளியே உள்ள கதவுகள்

இவற்றில் பெரும்பாலானவற்றை மூட முடியாது. தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

வாக்காளர் பட்டியலில் பெயரோடு கதவு எண்ணும் இருக்கும், யாரும் பார்க்கலாம். அதை மறைக்கச் சொல்லி நான் தேர்தல் பிரிவில் கேட்டேன், வழி இல்லை. வீடு மாறினால் படிவம் 8 கொடுத்து மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களைத் தேடி வருபவர் பழைய வீட்டில் இருப்பவரைத் தொந்தரவு செய்வார்.

வீடு வாங்கியிருந்தால் கிரயப் பத்திரம். பதிவுச் சட்டம் பிரிவு 57-இன்படி, சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தில் (சொத்துப் பத்திரங்களுக்கான பதிவேடு) ஏறிய பத்திரத்தின் நகலை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி வாங்கலாம். ராயபுரமானாலும் திருவொற்றியூரானாலும் இதுதான். இருப்பிடம் எழுதாமல் பத்திரமும் எழுத முடியாது. ஆனால் அந்தப் பத்திர நகலைக் கடன் கோப்புக்காக அலுவலகத்தில் கொடுத்திருந்தால், அதையும் உங்கள் 3-ஆம் படிக் கடிதத்தில் பெயர் சொல்லிச் சேருங்கள்.

நீதிமன்றத்தில் துறை சார்பாக உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்யும்போது, தட்டச்சு செய்பவர் பழக்கத்தில் 'இன்ன தெருவில் வசிக்கும்' என்று அடித்துவிடுவார். 'இன்ன அலுவலகத்தில் பணிபுரியும்' என்று மாற்றச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, அதை வைத்து எல்லாவற்றையும் நீக்கச் சொல்லலாமே என்று கேட்கிறார்கள். தனிநபருக்கான உரிமைகளைத் தரும் பகுதிகள் விதிகள் வெளியாகி 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை நம்மிடம் இருப்பது ஆர்டிஐ சட்டத்தின் 8, 10, 11 பிரிவுகள்தான்.

இடமாறுதல் ஆனால் பணிப்பதிவேடு உங்கள் பின்னாலேயே வரும், பழைய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கொடுத்த பிரதி வராது. புதிய இடத்தில் சேரும் நாளில் சேர்க்கை அறிக்கையோடு அதே கடிதத்தின் இரண்டு பிரதிகளையும் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள். பழைய அலுவலகத்தின் பதிவேட்டில் உங்கள் பக்கம் இன்னும் இருக்கும் என்பதால், விடுவிப்பு ஆணை வாங்கும்போது அங்கே கொடுத்த கடிதம் கோப்பிலேயே இருக்கிறதா என்று ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.